செயலாய்வு கேட்ட பாப்பாவுக்கு

திண்டிவனம்,
ஞாயிறு மாலை.

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ போனில் கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். விழுப்புரம் பஸ் ஸ்டாண்ட் இரைச்சலில் பாதிகூட உன் காதில் விழுந்திருக்காது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். "சித்தி, யாராவது செஞ்ச செயலாய்வு இருந்தா அனுப்புங்க, பேரை மட்டும் மாத்திக்கிறேன்" என்றாய். பீரோவில் ஒரு கட்டே இருக்கிறது. அனுப்பமாட்டேன்.

முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. நீ கேட்டது தப்பு என்று சொல்லவில்லை. ஆசிரியர் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், எமிஸ் பதிவு ஒரு பக்கம், ஸ்லிப் டெஸ்ட் பேப்பர் ஒரு பக்கம், நடுவில் 'வெள்ளிக்கிழமைக்குள் செயலாய்வு அறிக்கை' என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தால் யாரும் இப்படித்தான் கேட்பார்கள். அந்தக் கட்டில் இருப்பவையும் அப்படி வெள்ளிக்கிழமைக்குள் பிறந்தவைதான். ஒரு மழை நாளில் எல்லாவற்றையும் வரிசையாகப் படித்துப் பார்த்தேன். பள்ளியின் பெயரை மறைத்துவிட்டால் எது யாருடையது என்று சொல்ல முடியாது. 'எட்டாம் வகுப்பு மாணவர்களின் ஆங்கில வாசிப்புத் திறனை மின்னட்டைகள் மூலம் மேம்படுத்துதல்.' அப்புறம் சிக்கல், கருதுகோள், முன்தேர்வு, செயல்திட்டம், பின்தேர்வு, முடிவு. முன்தேர்வில் பிள்ளைகள் திணறுவார்கள். மின்னட்டை வரும். பின்தேர்வில் சராசரி ஏறிவிடும். தோற்றுப்போன மின்னட்டையை நான் ஒரு அறிக்கையிலும் பார்த்ததில்லை. வகுப்பில் நின்று பாடம் நடத்திய யாருக்கும் தெரியும், அப்படி எல்லாப் பிள்ளைக்கும் வேலை செய்கிற ஒரு பொருள் கிடையாது.

அந்தத் தலைப்பை இன்னொரு தரம் படி. விடை அதிலேயே இருக்கிறது. விடை கையில் இருக்கிறவருக்கு ஆய்வு எதற்கு? தெரியாத ஒன்று இருக்க வேண்டும். அது உன்னை உறுத்த வேண்டும். அங்கேதான் தொடங்கணும்.

உன்னிடம் அப்படி ஒன்று இருக்கிறது. பொங்கலுக்கு வந்தபோது உன் அம்மாவிடம் புலம்பிக்கொண்டிருந்தாயே: "எட்டாவது பி-ல எல்லாரும் சேர்ந்து படிக்கச் சொன்னா கூரை பறக்குது. தனியா எழுப்பினா வாயே தொறக்க மாட்டேங்குதுங்க." அக்கா அதற்கு "வெக்கம்டி" என்றாள். நீயும் தலையாட்டினாய். வெட்கமா? கபடி கிரவுண்டில் அதே பிள்ளைகள் வெட்கப்படுகிறார்களா? கூட்டத்தோடு கத்தும்போது எத்தனை பேர் உண்மையில் புத்தகத்தைப் பார்க்கிறார்கள், எத்தனை பேர் பக்கத்துப் பிள்ளையின் குரலை அரை நொடி தள்ளி எதிரொலிக்கிறார்கள்? படிக்கத் தெரிந்தும் பேசாதவர்கள் யார், படிக்கவே தெரியாமல் பேசாதவர்கள் யார்? இவற்றில் ஒன்றுக்காவது உனக்கு நிச்சயமான பதில் தெரியுமா? தெரியாது என்றால் உன் செயலாய்வு தொடங்கிவிட்டது. தலைப்பை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

இப்படிக் கேள்வியில் தொடங்கச் சொல்லும் ஒரு புத்தகம் இருக்கிறது. ரிச்சர்ட் ஸ்மித்தும் பவுலா ரெபொலெடோவும் எழுதியது, 2018-இல் பிரிட்டிஷ் கவுன்சில் வெளியிட்டது. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. சிலி நாட்டில் 2013-இல் 'சாம்பியன் டீச்சர்ஸ்' என்று அரசுப் பள்ளி ஆங்கில ஆசிரியர்களுக்காக ஒரு திட்டம் தொடங்கினார்கள். அந்த அனுபவத்திலிருந்து வந்த கையேடு அது. அங்கேயும் நெரிசலான வகுப்புகள், நேரமில்லாத ஆசிரியர்கள். அதில் எனக்குப் பிடித்தது அதன் வரிசை. நம் படிவம் சிக்கலை எழுதிய கையோடு மருந்தையும் எழுதச் சொல்கிறது. அவர்கள் இரண்டுக்கும் நடுவில் ஒரு கட்டத்தை வைக்கிறார்கள்: முதலில் என்ன நடக்கிறது என்று பார், பிள்ளைகளிடம் கேள், கூட வேலை செய்பவரைக் கூப்பிட்டுக் காட்டு. நடப்பது புரிந்த பிறகு எதை மாற்றலாம் என்று யோசி. சில சமயம் பார்த்து முடிப்பதே போதும், தனியாகத் தலையீடு எதுவும் தேவைப்படாது.

சிலியிலிருந்து வந்த சரக்கு என்று நினைத்துவிடாதே. நம் மண்ணிலேயே இதற்கு ஒரு கதை இருக்கிறது. பயிற்சிகளில் யாரும் சொல்வதில்லை, அதனால் நான் சொல்கிறேன்.

1959-இல் மெட்ராஸ் மாநிலத்தில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆரம்பப் பள்ளி ஆசிரியர்கள் 27,000 பேருக்குப் பயிற்சி கொடுக்கத் திட்டமிட்டார்கள். பிரிட்டிஷ் கவுன்சில் துணை நின்றது. முதலில் ஒரு சின்னக் கூட்டத்துக்குப் பயிற்சி, அவர்கள் அடுத்தவர்களுக்கு, அவர்கள் அதற்கடுத்தவர்களுக்கு. பனியே விழாத ஊரில் அதற்கு 'மெட்ராஸ் பனிப்பந்து' என்று பெயர் வைத்தார்கள். தாத்தா அந்தப் பயிற்சிக்குப் போய்வந்தவர். ஸ்லேட்டையும் பேனாவையும் மாறி மாறித் தூக்கிக் காட்டி 'திஸ் இஸ் எ ஸ்லேட், தட் இஸ் எ பென்' என்று நடத்துவார். சின்ன வயசில் நானும் உன் அம்மாவும் ஜன்னலில் தொங்கிக்கொண்டு பார்த்திருக்கிறோம். வாக்கிய அமைப்பை ஒவ்வொன்றாக எடுத்து, பொருளைக் காட்டி, வாயால் சொல்லவைத்துப் பழக்குவதுதான் அந்த முறை. அன்றைக்கு அது பெரிய முன்னேற்றம், அதை மறுக்கமாட்டேன். ஆனால் கை மாறிக் கை மாறி வரும்போது முறை மட்டும்தான் வந்து சேர்ந்தது. அது ஏன் அப்படி, எங்கே பலிக்கும், எங்கே பலிக்காது என்ற யோசனை மேலேயே தங்கிவிட்டது. இன்றைக்கு மாநிலக் கருத்தாளர், மாவட்டக் கருத்தாளர், வட்டார வள மையம், குறுவள மையம் என்று வருகிற பயிற்சியை நினைத்துப் பார். நம் கைக்கு வருவது கடைசிப் பக்கம்.

இருபது வருஷம் கழித்து அந்த முறையைச் சந்தேகப்பட்டவர் என். எஸ். பிரபு. அவரும் மெட்ராஸ் பிரிட்டிஷ் கவுன்சிலில்தான் ஆங்கிலக் கல்வி அதிகாரியாக இருந்தார். இலக்கணத்தை வரிசைப்படுத்திக் கொடுத்தால்தான் பிள்ளைக்கு மொழி வருமா, அல்லது அர்த்தத்தில் மனசு முழுக்க இறங்கியிருக்கும்போது இலக்கணம் தானாகப் படிகிறதா? இதுதான் அவருடைய கேள்வி. அதை ஒரு கட்டுரையாக எழுதி அனுப்பிவிட்டு அவர் சும்மா இருக்கவில்லை. சாதாரணப் பள்ளிகளின் சாதாரண வகுப்புகளில் தானும் போய்ப் பாடம் நடத்தினார், மற்ற ஆசிரியர்களும் நடத்தினார்கள். பெங்களூரில் இருந்த தென்னிந்திய வட்டார ஆங்கில நிறுவனம் உடன் நின்றது. 1979 முதல் 1984 வரை நடந்தது. உலகம் முழுக்க இன்றைக்கும் 'பெங்களூர் புராஜெக்ட்' என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் அதன் வகுப்புகள் சென்னையிலும் கடலூரிலும்கூட நடந்தன. கடலூர் என்றால் அப்போது நமக்குத் தலைநகர். தென்னாற்காடு மாவட்டத்தைப் பிரித்து விழுப்புரத்தைத் தனியாக்கியது 1993-இல்தானே. நீ படிக்கிற வெளிநாட்டுப் புத்தகங்களில் ஒரு அத்தியாயமாக இருக்கிற அந்த முயற்சியின் ஒரு பகுதி நம் பழைய மாவட்டத்துப் பிள்ளைகளை வைத்து நடந்தது.

அவர்கள் வகுப்பில் என்ன செய்தார்கள் தெரியுமா? ரயில் கால அட்டவணையைக் கொடுத்து, இந்த ஊரிலிருந்து கிளம்பினால் அந்த ஊருக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேரலாம் என்று கேட்பார்கள். ஊர் வரைபடம் கொடுத்து வழி கேட்பார்கள். முதலில் வகுப்பு முழுக்க ஆசிரியரோடு சேர்ந்து ஒரு கணக்கு, அப்புறம் அதே மாதிரி ஒன்று பிள்ளை தனியாக. விடை சரியா என்றுதான் பார்ப்பார்கள், வாக்கியத்தில் இலக்கணம் சரியா என்று மார்க் போடமாட்டார்கள். எவ்வளவு கடினமாகக் கொடுப்பது? வகுப்பில் பாதிப் பேராவது பாதியாவது சரியாகச் செய்ய முடிகிற அளவு. இந்த ஒரு அளவுகோலை மட்டும் எடுத்துக்கொண்டு உன் ஸ்லிப் டெஸ்ட்டைப் பார், எத்தனை விஷயம் தெரிகிறது என்று. விழுப்புரம் ஜங்ஷன் பக்கத்திலேயே இருந்துகொண்டு ரயில் அட்டவணையை நீ வகுப்புக்கு எடுத்துப் போகாமல் இருந்தால் எனக்கு வருத்தம்தான்.

முடிவு என்ன ஆயிற்று என்று கேட்பாய். ஆலன் பெரெட்டா, ஆலன் டேவிஸ் என்ற இருவர் மதிப்பீடு செய்து 1985-இல் வெளியிட்டார்கள். ஓரளவு சாதகம்தான். ஆனால் ஒப்பிடுவதற்கு எடுத்த வகுப்புகளை ஆய்வு விதிப்படி பிரித்து அமைக்க முடியவில்லை, இருக்கிற வகுப்பை இருக்கிறபடியே எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று, அதனால் முடிவை அடக்கமாகத்தான் சொல்ல முடியும் என்றும் எழுதினார்கள். உலகப் புகழ் பெற்ற முயற்சியின் அறிக்கையே இவ்வளவு தயக்கத்தோடு பேசுகிறது. நம் மின்னட்டை அறிக்கை மட்டும் ஏன் இவ்வளவு வீரமாகப் பேசுகிறது?

பிரபு பிற்பாடு, 1990-இல், சிறந்த முறை என்று ஒன்று கிடையாது, ஏன் கிடையாது என்று ஒரு கட்டுரை எழுதினார். எந்த முறையாக இருந்தாலும், அது பிள்ளையின் மண்டையில் எப்படி வேலை செய்கிறது என்று ஆசிரியருக்கு உள்ளூர ஒரு நம்பிக்கை உயிரோடு இருக்கிறதா என்பதே முக்கியம் என்றார். அந்த நம்பிக்கை செத்துப்போனால் எவ்வளவு நல்ல முறையும் சடங்காகிவிடும். இதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். உன் வயசில் துடிப்போடு வந்தவர்கள் பத்து வருஷத்தில் கைடைப் பிரித்து வைத்துக்கொண்டு 'எழுதிக்கோ' என்று மட்டும் சொல்கிறவர்களாக மாறியிருக்கிறார்கள். அவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்ல எனக்கு மனசு வராது. அவர்களிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. அவர்களும் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். உன்னைச் செயலாய்வு செய் என்று நான் நச்சரிப்பது இந்த ஒரு காரணத்துக்காகத்தான். ஆய்வுக்குப் பிறகு பிள்ளைகள் மாறுவார்களா என்பது அப்புறம். கேட்டுக்கொண்டே இருக்கிற ஆசிரியர் வகுப்பில் மரத்துப்போவதில்லை.

நான் செய்த ஒன்றைச் சொல்கிறேன். மாதிரிக்காக மட்டும், காப்பி அடிக்க அல்ல.

கொரோனா விடுமுறை முடிந்து 2021 நவம்பரில் எட்டாவது வரைக்கும் பள்ளி திறந்தார்களே, அந்த வருஷம். மரக்காணம் ரோட்டில் இருக்கிற கிராமங்களிலிருந்து வருகிற பிள்ளைகள். ஒன்றரை வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடம் பார்க்காதவர்கள். மெமரி போயத்தைக் கமா பிசகாமல் ஒப்பிக்கிற ஒரு பெண்ணிடம், அதே பாட்டில் மூன்றாவது வரியைத் தொட்டுக் காட்டு என்றேன். விரல் பக்கம் முழுக்க அலைந்தது. புத்தகத்தை வாங்கிப் பார்த்தால் ஆங்கில வரிக்கு மேலே பென்சிலால் பொடிப்பொடியாகத் தமிழில் எழுதியிருந்தது. நீயும் பார்த்திருப்பாய். எல்லாப் பள்ளியிலும் இருக்கிறது, எல்லா ஆசிரியரும் அதைப் பார்த்தால் திட்டுகிறோம், பிள்ளைகளும் மறைத்து எழுதுகிறார்கள். அதை ஏன் எழுதுகிறார்கள், அதை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

கேள்வித்தாள் எதுவும் அச்சடிக்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வேப்ப மரத்தடியில் நாலைந்து பேராக உட்கார வைத்துத் தமிழிலேயே பேசினேன். 'திட்டமாட்டேன், தெரிஞ்சுக்கத்தான் கேக்கிறேன்' என்று சொன்ன பிறகும் முதல் நாள் ஒருத்தரும் பேசவில்லை. புத்தகங்களை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். பேர் எழுதாத துண்டுச் சீட்டில் இரண்டே வரி எழுதித் தரச் சொன்னேன். பாடம் படிக்கும்போது பக்கத்தில் நின்று விரல் எந்த எழுத்தின் மேல் போகிறது என்று பார்த்தேன். இவ்வளவுதான் என் 'தரவு'.

அப்போதுதான் அது ஒரே பழக்கம் இல்லை என்று தெரிந்தது. சிலர் கஷ்டமான சொல்லுக்கு மட்டும் எழுதுகிறார்கள். அவர்களுக்கு அது ஊன்றுகோல், சீக்கிரம் விட்டுவிடுவார்கள். சிலர் முழுப் பாடத்துக்கும் எழுதுகிறார்கள். அவர்களில் ஒரு பையன் சொன்னான்: "நீங்க படிக்கிறப்ப எழுதிக்கினா தான் டீச்சர் உண்டு. வூட்ல யாருக்கும் தெரியாது. காலைல வந்து உங்கள மறுபடியும் கேக்க முடியுமா?" வீட்டில் இன்னொரு தரம் படித்துக் காட்ட ஆள் இல்லாத பிள்ளைக்கு என் குரலைக் கொண்டுபோக வேறு வழி இல்லை. நாம் அதைக் கெட்ட பழக்கம் என்கிறோம்.

ஆனால் அந்த எழுத்து எதைக் கொண்டுபோகிறது, எதை விட்டுவிடுகிறது என்றும் பார்க்க வேண்டுமல்லவா? அவர்கள் எழுதியதையே கரும்பலகையில் எழுதிப் போட்டேன். கிரிக்கெட் மட்டைக்கும் 'பேட்'. கெட்டது என்பதற்கும் 'பேட்'. பரீட்சை அட்டைக்கும் 'பேட்'. முதுகில் தட்டுவதற்கும் 'பேட்'. வகுப்பே சிரித்துவிட்டது. தங்கள் எழுத்தில் நாலும் ஒன்றாகிவிடுகிறது என்பதை நான் சொல்லாமல் அவர்களே கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகு நான் தடுக்கவில்லை. பென்சிலில்தான் எழுதணும், வரி முழுக்க வேண்டாம், தேவையான சொல்லுக்கு மட்டும், படிக்க வந்துவிட்டால் நீங்களே அழித்துவிடணும் என்று பேசி வைத்தோம். தினமும் பாடம் தொடங்குமுன் அந்த மாதிரி ஒலி குழம்பும் சொற்களைக் கேட்டுப் பிரிக்கும் விளையாட்டு கொஞ்ச நேரம்.

பலன்? நடுவில் இருந்த பிள்ளைகளுக்கு நன்றாகவே வேலை செய்தது. அழித்த இடங்களைக் காட்டிக் காட்டிப் பெருமை அடித்துக்கொண்டார்கள். சிலரிடம் ஒரு மாற்றமும் இல்லை. அவர்கள் தமிழில் எழுதிய வரியைப் படிக்கச் சொன்னபோதுதான் காரணம் விளங்கியது: அதையும் திக்கித் திக்கித்தான் படித்தார்கள். ஆங்கிலப் பாடவேளையில் நான் எவ்வளவு புரண்டாலும் தீராத விஷயம் அது. அந்தச் சமயம்தான் இல்லம் தேடிக் கல்வி என்ற மாலை வகுப்புத் திட்டம் வந்தது. முதலமைச்சர் அதைத் தொடங்கி வைத்ததே நம் மரக்காணம் பக்கத்து முதலியார்குப்பத்தில்தான், 2021 அக்டோபர் 27-ஆம் தேதி. சாயங்காலம் பிள்ளைகளை வைத்துச் சொல்லிக்கொடுத்த தன்னார்வலர் பெண் ஒருத்தியிடம் போய்ப் பேசினேன். யார் தமிழில் எங்கே தடுமாறுகிறார்கள் என்று விரல்நுனியில் வைத்திருந்தாள். அவர்களுக்கு முதலில் தமிழ் வாசிப்பு என்று இருவரும் முடிவு செய்தோம். இதை அறிக்கையில் அப்படியே எழுதினேன். 'பின்தேர்வு சராசரி எங்கே?' என்று ஒரு கேள்வி வந்தது. சராசரியும் கொடுத்தேன், கூடவே யாருக்குப் பலிக்கவில்லை என்ற பக்கத்தையும் எடுக்காமல் வைத்தேன். என் பார்வையில் அந்தப் பக்கம்தான் ஆய்வு.

இப்போது உன் எட்டாவது பி. எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், உன் வகுப்பு உனக்குத்தான் தெரியும்.

ஒரு வகுப்பு போதும், ஒரு கேள்வி போதும். எல்லா வகுப்பையும் திருத்தக் கிளம்பாதே. ஒரு பீரியட் முழுக்க உன் போனில் குரலைப் பதிவு செய்து வை. எச்.எம்.மிடம் சொல்லிவிட்டுச் செய், பிள்ளைகளிடமும் சொல். வீட்டுக்குப் போய்க் கேட்டால் யார் பேசுகிறார்கள், நீ கேள்வி கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் காத்திருக்கிறாய், யார் பெயரைக் கூப்பிடுகிறாய் என்பதெல்லாம் தெரியும். பிள்ளைகள் சொன்னதை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே ஒரு நோட்டில் எழுது. பேர் போடாதே. அந்த நோட்டை ஸ்டாஃப் ரூம் மேஜையில் விட்டு வராதே. 'ஸ்லோ லேர்னர்' என்று பட்டியல் போட்டு ஆரம்பித்தாயானால் அத்தோடு கேள்வி முடிந்துவிடும், அதனால் அந்தப் பட்டியலையும் ஒதுக்கி வை.

நேரம் இல்லை என்பாய். நியாயம்தான். டிக் ஆல்ரைட் என்று ஒருவர், பிரேசிலில் ரியோ நகரத்து ஆசிரியர்களோடு வேலை செய்து இதற்கு ஒரு வழி சொன்னார்: ஆய்வுக்கென்று தனி வேலை வைக்காதே, பாடத்துக்குள்ளேயே வைத்துவிடு. தனியாகப் படிக்க ஏன் எழுந்திருக்கத் தயங்குகிறோம் என்பதையே பிள்ளைகளுக்கு ஒரு கலந்துரையாடலாகக் கொடு. முதலில் தமிழில் பேசட்டும், அப்புறம் இரண்டு வாக்கியம் ஆங்கிலத்தில் எழுதட்டும். உனக்குத் தரவும் கிடைத்தது, அவர்களுக்கு எழுத்துப் பயிற்சியும் ஆயிற்று.

தனியாகச் செய்யாதே. இதை அழுத்திச் சொல்கிறேன். பெங்களூரில் கல்லூரி ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து பெரிய வகுப்புகளைப் பற்றி ஆராய்ந்து 1992-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். யாரும் ஆணை போட்டுச் செய்ததில்லை, அவர்களாகவே தொடங்கியது. வகுப்பில் கூட்டம் அதிகம் என்றுதான் ஆரம்பித்தார்கள். பேசப் பேச, எண்ணிக்கையைவிட, ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வுதான் தங்களை வாட்டுகிறது என்று அவர்களுக்குப் புரிந்தது. ஒருவராக உட்கார்ந்து யோசித்திருந்தால் அந்தத் திருப்பம் வந்திருக்குமா என்று சந்தேகம்தான். உன் குறுவள மையக் கூட்டத்தில் தேநீர் இடைவேளையில் உன்னை மாதிரியே புலம்புகிற ஒருத்தியாவது இருப்பாள். அவளைப் பிடித்துக்கொள். உன் வகுப்பில் அவள் ஒரு நாள் பின்னால் உட்காரட்டும், அவள் வகுப்பில் நீ.

ஒன்றை மட்டும் நினைவில் வை. காலிப் பணியிடத்தை உன் ஆய்வு நிரப்பாது. இரண்டு வகுப்பை ஒரே அறையில் உட்கார வைக்கிற நாளில் எந்தக் கையேடும் உதவாது. பத்தாவது ரிசல்ட்டில் நம் மாவட்டம் பல வருஷம் கடைசி வரிசையிலேயே கிடந்ததற்கு ஆசிரியர் ஆய்வு செய்யாதது காரணமில்லை. பசி, செங்கல் சூளை, கரும்பு வெட்டுக்குக் குடும்பத்தோடு போவது என்று எத்தனையோ இருக்கிறது. அதையெல்லாம் 'ஆசிரியர் புதுமையாகச் சிந்தித்தால் போதும்' என்று உன் தலையில் கட்ட யாராவது வந்தால் ஒத்துக்கொள்ளாதே. பிள்ளை ஏன் வரவில்லை என்பதும் உன் நோட்டில் பதிவாகட்டும். அதுவும் தரவுதான்.

வெள்ளிக்கிழமைக்கு என்ன செய்வது என்றுதானே கேட்கப் போகிறாய்? உண்மையை எழுது. 'எட்டாம் வகுப்பு மாணவர்கள் கூட்டாகப் படிக்கும்போது படித்து, தனியாகப் படிக்கத் தயங்குவது ஏன்? முதற்கட்டப் பார்வை' என்று தலைப்பு வை. இந்த வாரத்தில் பார்த்ததை இரண்டு பக்கம் எழுது. செயல்திட்டம் அடுத்த கட்டத்தில் என்று போடு. திருப்பி அனுப்பினால் எனக்குச் சொல், நானும் வந்து பேசுகிறேன். அப்படித் திருப்பினாலும் உன் கையில் இரண்டு பக்கம் மிச்சம் இருக்கும். பிறத்தியார் அறிக்கையில் பேரை மாற்றிக் கொடுத்தால் அதுவும் இருக்காது.

அக்காவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? ஜிப்மருக்குக் கூட்டிப் போகும் நாளை முன்னாலேயே சொல், நான் லீவு போட்டுவிட்டு வருகிறேன். மாமாவிடம் சொல்லி ஒரு படி மல்லாட்டை கொடுத்தனுப்பு, இங்கே கடையில் கிடைப்பது வறுத்தால் கசக்கிறது.

அடுத்த இரண்டாம் சனிக்கிழமை திண்டிவனம் வா. அந்தப் பதிவைக் கொண்டு வா, சேர்ந்து உட்கார்ந்து கேட்போம். அந்தத் தோழியையும் கூட்டி வா. மூன்று பேருக்கும் சேர்த்துத்தான் சமைப்பேன்.

அன்புடன்,
உன் சித்தி.

பி.கு.: பீரோவில் இருக்கிற கட்டைக் கேட்டு அக்கா மூலம் சிபாரிசு வராமல் பார்த்துக்கொள்.